எங்கள் கேட் ஆப்புக்கு இரண்டரை நட்சத்திரம்

மைசூர்பாகில் மாட்டிக்கொண்ட கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். போன ஆடியில் என் மனைவி திருச்சியில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றே முக்காலுக்கு அவளிடமிருந்து போன். “என்ன, ஸ்வீட் கடைப் பையன் வந்துட்டுப் போயிருக்கான் போலிருக்கே?” டப்பாவைத் திறந்து முதல் துண்டை அப்போதுதான் வாயில் போட்டிருந்தேன். விரலெல்லாம் நெய். எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாரும் கோள் மூட்டவில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டில் இருக்கும் ஆப்தான் சொன்னது. செக்யூரிட்டி பையன் கடையின் பெயரைத் தட்டியதும், எங்கள் வீட்டு நம்பரோடு சேர்த்திருக்கும் எல்லா போனிலும் மணி அடித்திருக்கிறது. திருச்சியில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவளுக்கும்.

சரி, இது அந்த ஆப்பைப் பற்றிய விமர்சனம். பதினான்கு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. பெங்களூரில் கேட் வைத்த அபார்ட்மெண்டில் குடியிருப்பவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை; உங்கள் போனில் இருப்பது இதற்கு அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்கும்.

என்னைப் பற்றி நாலு வரி. இங்கே ஒரு பொதுத்துறை தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் 32 வருடம் இருந்து ரிட்டயர் ஆனவன். டைம் ஆபீஸ் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தொழிலாளி உள்ளே நுழையும்போது கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் வாயில் கார்டைச் செருகுவான், டங் என்று நேரம் விழும். நேரத்துக்கு வந்தால் நீல மை. சங்கு ஊதிய பிறகு வந்தால் சிவப்பு மை. மாதக் கடைசியில் அந்தச் சிவப்புகளை எண்ணிச் சம்பளத்தில் பிடிப்பது எங்கள் வேலை. ஆகவே வருகைப் பதிவைக் கண்டு மிரளும் ஆள் இல்லை நான். அதில் சோறு தின்றவன்.

எங்கள் அபார்ட்மெண்ட் சி.வி. ராமன் நகர் பக்கம், கக்கதாசபுரா ரயில்வே கேட்டைத் தாண்டி வர வேண்டும். 96 வீடு, இரண்டு கேட். ஆப் வருவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டு இருந்தது, நூலில் கட்டிய பேனாவோடு. வருகிறவர்கள் பெயர் என்று எதையோ கிறுக்குவார்கள், போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருக்கும். நோட்டு ஒன்றும் உத்தமம் இல்லை. யார் வேண்டுமானாலும் பக்கத்தைப் புரட்டலாம். அப்படிப் புரட்டி ஒரு பெண் பிள்ளையின் நம்பரை எடுத்து ஒருவன் தொந்தரவு செய்ததும் இங்கேயே நடந்திருக்கிறது. ஆனால் நோட்டு தீர்ந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். போன வருஷம் ஏப்ரலில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அதில் தேட நினைப்பவன் பைத்தியமாகிவிடுவான்.

ஆப்புக்கு வீட்டுக்கு மாதம் 30 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மெயின்டனன்ஸோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வீட்டுக்கு உரிமை கிடையாது. சங்கம் எடுத்தால் எல்லோரும் எடுத்த மாதிரி.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அதுதான் முறை. இன்டர்காம் தொல்லை ஒழிந்தது. முன்பெல்லாம் பார்சல்காரன் கீழே நின்று கத்துவான், செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிடுவான், கொரகொரவென்று ஒரு சத்தம் வரும், நான் ஐந்தாவது மாடியில் இருந்து பால்கனியில் எட்டிப் பார்த்துக் கை ஆட்டுவேன். இப்போது ஒரு தட்டு தட்டினால் ஆயிற்று. ‘கேட்டிலேயே வைத்துவிடு’ என்றும் சொல்லலாம். மருமகன் ராத்திரி பஸ்ஸில் விடிகாலை நாலரைக்கு வந்து இறங்கும்போது முன்கூட்டியே ஆப்பில் ஒரு நுழைவு நம்பர் வாங்கி அனுப்பிவிட்டால் யாரையும் எழுப்பாமல் வந்துவிடுகிறார்.

இன்னொன்று, தண்ணீர் லாரி. 2024 கோடையில் பெங்களூர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். போர்வெல் வற்றி, டாங்கர்காரர்கள் வைத்ததே விலை என்றாகி, கடைசியில் நிர்வாகமே 12,000 லிட்டர் லாரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று விலை கட்ட வேண்டி வந்தது. அப்போது எங்களிடம் ஆப் இல்லை. எத்தனை லாரி வந்தது என்பது லாரிக்காரன் சொன்னதுதான். இந்த வருஷம் மார்ச்சில் அவன் 46 லோடுக்குப் பில் கொடுத்தான். கேட் பதிவில் 39 தான் இருந்தது. பில்லையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆள் ஒரு வார்த்தை பேசாமல் ஏழைக் கழித்துக்கொண்டான். அன்றைக்கு நான் இந்த ஆப்புக்கு ஐந்து நட்சத்திரமே கொடுத்திருப்பேன்.

லாரிக்கு வீடு வாசல் கிடையாது, வெட்கம் கிடையாது. அதன் வரவு போக்கைக் கணக்கு வைத்தால் யாருக்கும் கஷ்டமில்லை. அதே கணக்கை ஆளுக்கு வைக்கும்போதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இந்தக் கட்டிடத்தில் மட்டும் ஐந்து வீடு செய்கிறார். ஆப்பில் அவர் பெயரைத் தட்டினால் போட்டோ, போன் நம்பர், எந்தெந்த வீட்டில் வேலை, இந்த மாதம் எத்தனை நாள் வந்தார், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, எல்லாம் வரும். 96 வீட்டுக்காரர்களில் யார் தட்டினாலும் வரும். அதற்குக் கீழே நாம் போடும் மார்க்: நேரம் தவறாமை, வேலை சுத்தம், நடத்தை. நடத்தைக்கு மார்க்! தொழிற்சாலையில் ஒருவன் நடத்தையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் விசாரணை வைத்து, அவன் பதிலையும் வாங்கிச் சேர்த்துத்தான் கோப்பில் போட முடியும்.

அவரிடம் இருப்பது பட்டன் போன். தன் பெயரில் இப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நான்தான் என் போனில் காட்டினேன். முதலில் போட்டோவைப் பார்த்தார்.

“கண்ணை மூடிக்கிட்டு இருக்கேன் சார்.”

அப்புறம் கீழே இருந்த 3.8 மீது விரலை வைத்தார். “இது என்ன சார்?”

“மார்க்கும்மா. வீட்டுக்காரங்க போட்டது.”

“அஞ்சுக்கா?”

“அஞ்சுக்கு.”

“யாரு குறைச்சது?”

அது மட்டும் ஆப்பில் வராது.

போன பிப்ரவரியில் அவருக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. நடந்தது இதுதான். இரண்டாவது கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் போனில் பாட்டரி உப்பி, மூன்று நாள் வேறு போன் வரவில்லை. அந்த மூன்று நாளும் இந்த அம்மா அந்த கேட் வழியாகத்தான் வந்தார், பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம் என்பதால். பதிவில் மூன்று நாளும் ஆப்சென்ட். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும்போது மூன்று நாள் பிடித்துக்கொண்டு, “ஆப்ல ஆப்சென்ட்னு காட்டுதே” என்றிருக்கிறார்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் வீட்டுப் பாத்திரம் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடத்தையில் மார்க் குறைந்திருக்கும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கள் ஆபீஸில் பஞ்ச் விட்டுப்போனால் அதற்கென்று ஒரு சீட்டு உண்டு. தொழிலாளி எழுதிக் கொடுப்பான், ஃபோர்மேன் கையெழுத்துப் போடுவார், சம்பளம் வந்துவிடும். வேலை நடந்ததற்குச் சாட்சி ஃபோர்மேன், கார்டு இல்லை. கார்டு பொய் சொல்லும் என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். ரிப்பன் காயும், கடிகாரம் பின்தங்கும், ஒருவன் கார்டை இன்னொருவன் அடிப்பான். இதையெல்லாம் பார்த்த தலைமுறை கட்டிய முறை அது. தொழிலாளி தன் கார்டைத் தானே கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது எல்லாவற்றிலும் பெரிய விஷயம். இந்த ஆப்பில் சீட்டும் இல்லை, ஃபோர்மேனும் இல்லை, கார்டும் அவர் கையில் இல்லை.

கம்பெனிக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று பதில் வந்தது. மூன்றாவது மாடிக்கு நானே ஏறிப்போய்ப் பேசினேன். இரண்டு நாள் சம்பளம் திரும்ப வந்தது. மூன்றாவது நாளைப் ‘பார்க்கலாம் அங்கிள்’ என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். அட்டையை வெட்டி, பழைய பஞ்ச் கார்டு அளவில், 31 கட்டம் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். தினம் வேலை முடிந்ததும் நான் ஒரு கையெழுத்து. மற்ற நாலு வீட்டில் இரண்டு வீடு இப்போது போடுகிறார்கள். போன வாரம் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, “நேத்தும் போடலை சார்” என்று கார்டை நீட்டினார். சிவப்புப் பேனாதான் கையில் கிடைத்தது. அதில் போடக் கூடாது என்று நீலப் பேனா தேடி எடுத்துப் போட்டேன். பழக்கம்.

இனி என் கதை. மைசூர்பாகு விவகாரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பதிவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். முதல் நாள் வரைக்கும் போகிறது. ஒரு வரிகூட அழியவில்லை. எத்தனை வருஷம் டைம் ஆபீஸில் இருந்தாலும் ஒருவனைப் பற்றி இவ்வளவு எனக்குத் தெரிந்ததில்லை. 28 நாளைக்கு ஒரு முறை மருந்துக் கடை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலை 6.40 வாக்கில், ரத்தம் எடுக்கும் பையன். எச்பிஏ1சி என்கிற சோதனை மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, அதனால் அந்த இடைவெளி. ஒரு இன்சூரன்ஸ்காரன் கையில் இந்த இரண்டு வரியைக் கொடுத்தால் வேறு எதுவும் கேட்க மாட்டான். மே மாதத்தில் பன்னிரண்டு நாள் பால் இல்லை, வேலைக்காரம்மா இல்லை, பார்சல் இல்லை. அது வீடு பூட்டிக் கிடந்ததற்கு அத்தாட்சி. செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் மட்டும் ஸ்வீட் கடை. மனைவி பஜனைக்குப் போகும் நாள். ஒரு செவ்வாயில் மட்டும் மாட்டினேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவள் ஒன்பது செவ்வாய் பொறுத்திருக்கிறாள்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஒன்றுமில்லாதது. பால்காரன் வந்தான், பார்சல் வந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒரு மனிதனின் உடம்பு, பணம், ஊரில் இல்லாத நாள், பெண்டாட்டிக்குத் தெரியாமல் தின்கிற ஆசை எல்லாம் வந்துவிடுகிறது.

எங்கள் அத்தை கும்பகோணத்தில் இருந்து வந்தபோது கேட்டில் நிறுத்திப் போட்டோ எடுத்து, போன் நம்பரும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். எண்பத்தியொரு வயது. “என்னடா இது, ஸ்டேஷன்ல நிக்க வெச்ச மாதிரி” என்றார். கடையில் பில் போட போன் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. அண்ணன் மகன் வீட்டுக்குள் நுழைய நம்பர் கேட்டால் யாரிடம் சொல்வது?

நான் சங்கக் கமிட்டியில் இருப்பதால் இன்னொரு கதவும் எனக்குத் திறந்தது. கமிட்டிக்காரர்களுக்குத் தனிப் பக்கம் ஒன்று உண்டு. அதில் 96 வீட்டின் வரவும் போக்கும் தெரியும். நாள், நேரம், வந்தவர் பெயர், போட்டோ. பொதுக்குழுவில் 41 கைகள் தூக்கியதால் எனக்குக் கிடைத்த அதிகாரம் இது. பதிவை இவ்வளவு நாள் வைக்கத் தேவையில்லை, 60 நாளில் அழிக்கச் சொல்வோம் என்று கூட்டத்தில் சொன்னேன். ஒரு இளைஞர், நல்ல பையன்தான், எழுந்து “மறைக்க எதுவும் இல்லாதவங்களுக்கு என்ன அங்கிள் பயம்?” என்றார். நான் போனைக் கையில் எடுத்து, “சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மேல உங்க வீட்டுக்கு யார் வந்தாங்கன்னு வாசிக்கட்டுமா தம்பி?” என்றேன். உட்கார்ந்துவிட்டார். நான் அவர் வீட்டுப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. யாருமே வராமல்கூட இருந்திருக்கலாம். தீர்மானம் நிறைவேறியது.

நிறைவேறி என்ன, கமிட்டிப் பக்கத்தில் ‘தரவிறக்கு’ என்று பட்டன் இருக்கிறது, ‘அழி’ என்று இல்லை. கம்பெனிக்கு மூன்று மெயில் போட்ட பிறகு 180 நாள் என்று இறங்கி வந்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் எந்தெந்த வீட்டில் செய்கிறார்கள் என்ற பட்டியலை மட்டும் மறைத்துக் கொடுத்தார்கள். நட்சத்திரம் அப்படியே இருக்கிறது.

இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழக்குப் போட்டவர் இந்த ஊர்க்காரர்தான். கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதாரை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். எனக்கு 64. கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டதற்கே மூச்சு வாங்குகிறது.

2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகள் மீதான முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதாவது 2027 மே. அதில் எனக்குப் பிடித்த இடம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி தர வேண்டும் என்பது. இப்போது இந்த ஆப்பின் கொள்கை 19 பக்கம், முழுக்க ஆங்கிலம். ‘சலுகைகளை வழங்கக் கூட்டாளிகளுடன் பகிரலாம்’ என்பது பதினொன்றாம் பக்கத்தில் வருகிறது. தருமபுரி அம்மாவுக்குத் தமிழிலும், கேட்டில் நிற்கும் பையனுக்கு அசாமியிலும் இதைக் கொடுக்கட்டும், அப்புறம் யார் சம்மதிக்கிறார்கள் என்று பார்ப்போம். அந்தப் பையனும் பாவம்தான். ஒரு ஆளை உள்ளே விட எத்தனை விநாடி எடுத்துக்கொண்டான் என்று அவனையும் அந்தப் போன் எண்ணுகிறது.

உங்கள் அபார்ட்மெண்டிலும் இதைத் தவிர்க்க முடியாது என்றால் நான் செய்ததைச் சொல்கிறேன். இருப்பிடம், தொடர்புகள் இரண்டுக்கும் கொடுத்த அனுமதியைப் போன் செட்டிங்ஸில் பிடுங்கிவிட்டேன். ஆப் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, அப்படியானால் எதற்குக் கேட்டார்கள்? ஆண்ட்ராய்டு போனில் தனியுரிமைப் பகுதிக்குள் விளம்பரங்கள் என்று ஒன்று இருக்கும், விளம்பரக் கம்பெனிகள் உங்கள் போனை அடையாளம் காணும் விளம்பர ஐடியை அங்கே நீக்கிவிடலாம். விருந்தினர் வரும்போது முன்கூட்டியே அந்த நுழைவு நம்பரை வாங்கி அனுப்பினால் கேட்டில் போட்டோ எடுக்க மாட்டார்கள். அத்தைக்கு அடுத்த முறை அப்படித்தான். யாருக்கும் நட்சத்திரம் போடுவதில்லை. ஆப்புக்குள் கடன் வேண்டுமா, ஏசி சர்வீஸ் வேண்டுமா என்று வருவதைத் தொடுவதே இல்லை.

மதிப்பெண். லாரிக் கணக்குக்கும் விடிகாலை மருமகனுக்கும் இரண்டு. இன்டர்காம் தொல்லை ஒழிந்ததற்கு அரை. தருமபுரி அம்மா தன் பக்கத்தைத் தானே பார்த்து, தப்பென்றால் தப்பு என்று சொல்ல ஒரு வழி வைத்தால் இன்னும் ஒன்று கொடுப்பேன். மீதியைப் பதிவு அழியும் நாளுக்கு வைத்திருக்கிறேன்.

மனைவியின் போனில் அறிவிப்பை நிறுத்திவைத்தேன். இரண்டே நாளில் கண்டுபிடித்து மறுபடி போட்டுக்கொண்டாள். இப்போது செவ்வாய்க்கிழமை கடைக்கு நானே போகிறேன். கார் எடுத்தால் தடுப்புக் கம்பத்தில் ஸ்டிக்கரைப் படித்துப் பதிவாகிவிடும், அதனால் நடை. போக வர இரண்டு கிலோமீட்டர், டாக்டரும் நடக்கத்தான் சொல்கிறார். கால் கிலோ, ரொக்கம். கடைக்காரர் பில்லுக்கு போன் நம்பர் கேட்டார். இல்லை என்றேன்.